கீபோர்டு கேள்வி-பதில்: ஒரு கார்டிலிருந்து அடுத்த கார்டுக்கு

சி மேஜர், எஃப் மேஜர், ஜி மேஜர் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள்) மூன்றும் மனப்பாடம். தனித்தனியாக வாசித்தால் நன்றாக இருக்கிறது. வரிசையாக வாசித்தால் இடது கை தாவுகிறது, தாளம் தவறுகிறது, கேட்கவும் துண்டு துண்டாக இருக்கிறது. வேகம் பழகினால் சரியாகுமா?
– ஒரு வாசகர், கரூர்

வேகத்தால் இது சரியாகாது. சி-இ-ஜி, எஃப்-ஏ-சி, ஜி-பி-டி என்று மூன்றையும் ரூட் நோட் (கார்டுக்குப் பெயர் தரும் சுரம்) கீழே இருக்கும்படி வாசிக்கிறீர்கள். அதனால் ஒவ்வொரு மாற்றத்திலும் மொத்தக் கையும் இடம் பெயர்கிறது. மூன்று சுரங்களும் ஒரே திசையில் ஒரே அளவு குதிப்பதால்தான் காதுக்கும் துண்டுகளாகப் படுகிறது. அதே கார்டுகளை இன்வர்ஷனில் (சுரங்களின் அடுக்கை மாற்றி) இப்படி அடுக்குங்கள்:

சி மேஜர்: சி-இ-ஜி
எஃப் மேஜர்: சி-எஃப்-ஏ
ஜி மேஜர்: பி-டி-ஜி
மறுபடி சி மேஜர்: சி-இ-ஜி

முதல் மாற்றத்தில் சி அங்கேயே நிற்கிறது. இ அரைச் சுரம் ஏறி எஃப் ஆகிறது, ஜி ஒரு முழுச் சுரம் ஏறி ஏ ஆகிறது. கடைசி மாற்றத்தில் ஜி நிற்கிறது. பி சி-க்கும் டி இ-க்கும் ஏறுகின்றன. கார்ட் புரொகிரஷன் (கார்டுகளின் தொடர்ச்சி) என்பதே இந்த நகர்வுதான். கார்டின் பெயரைவிட, எந்தச் சுரம் நிற்கிறது, எது எங்கே போகிறது என்பதைக் கவனித்துப் பழகுங்கள்.

இடது கை விரல்கள் (கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5): சி-இ-ஜி-க்கு 5-3-1, சி-எஃப்-ஏ-க்கு 5-2-1, பி-டி-ஜி-க்கு 5-3-1. சியிலிருந்து எஃபுக்கு இடைவெளி அதிகம் என்பதால் அங்கே மூன்றாம் விரலைவிட இரண்டாம் விரல் இயல்பாக விழும். முதல் மாற்றத்தில் சியில் இருக்கும் சுண்டுவிரலைத் தூக்கவே கூடாது. கடைசி மாற்றத்தில் ஜியில் இருக்கும் கட்டைவிரலை. எஃபிலிருந்து ஜிக்குப் போகும்போது மட்டும் பொதுச் சுரம் கிடையாது, மூன்றும் இறங்குகின்றன. பெரும்பாலோர் தடுமாறும் இடம் அது. முழு வரிசையையும் திரும்பத் திரும்ப ஓட்டாமல் இந்த ஒரு மாற்றத்தைத் தனியாகப் பத்து முறை வாசியுங்கள்.

மெட்ரோனோமை 60-இல் வைத்து ஒரு கார்டுக்கு 4 அடி. நான்காம் அடி விழும்போதே அடுத்த கார்டின் சுரங்கள் மனதில் வந்திருக்க வேண்டும். தடுமாறாமல் வந்தபின் கார்டுக்கு 2 அடி. அதன் பிறகுதான் 80.

வாசிக்கும் இடமும் முக்கியம். நடு சி-க்கு ஓர் ஆக்டேவ் கீழுள்ள சியில் தொடங்குங்கள். அதற்கும் கீழே நெருக்கமான மூன்று சுரங்களை வைத்தால் ஒலி குழம்பிக் கட்டியாகிவிடும்; அங்கே ரூட் மட்டும், அல்லது ரூட்டும் அதிலிருந்து ஐந்தாம் சுரமும் (சி-க்கு ஜி) போதும்.

ஆட்டோ அகம்பனிமெண்ட் (இடது கை கார்டுக்கேற்பக் கீபோர்டே பின்னணி வாசிப்பது) போட்டு வாசிப்பவர்களுக்கு ஒன்று. பல கீபோர்டுகளில் ஸ்ப்ளிட் பாயிண்ட் (இடது கைப் பகுதி முடியும் எல்லை) நடு சி-க்குக் கீழுள்ள எஃப் ஷார்ப்பில் வைக்கப்பட்டிருக்கும். மேலே சொன்ன இடத்தில் வாசித்தால் ஜியும் ஏயும் எல்லைக்கு வெளியே விழும். மெஷின் கார்டைத் தவறாகப் புரிந்துகொள்ளும், அந்தச் சுரங்கள் வலது கை வாய்ஸில் ஒலிக்கும். ஸ்ப்ளிட்டை நடு சி-க்கு அடுத்த கீழ் பி வரை நகர்த்தினால் தீர்ந்தது. ஒற்றை விரல் மோடில் இந்தப் பயிற்சி எதுவும் நடக்காது. கார்டின் எல்லாச் சுரங்களையும் பிடிக்கும் ஃபிங்கர்ட் மோடுக்கு மாறிவிடுங்கள்.

1-5-6-4 என்று எண்ணில் எழுதுகிறார்களே, அது எப்படிக் கணக்கு? 6 மட்டும் ஏன் மைனர்?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

சி மேஜர் ஸ்கேலின் ஏழு சுரங்களுக்கும் வரிசையாக எண் கொடுங்கள்: சி 1, டி 2, இ 3, எஃப் 4, ஜி 5, ஏ 6, பி 7. எந்த எண்ணிலிருந்தும் ஒன்று விட்டு ஒன்றாக மூன்று சுரம் எடுத்தால் அந்த எண்ணின் கார்ட். முதல் இரண்டு சுரங்களுக்கு நடுவே 4 அரைச் சுரம் இருந்தால் மேஜர் (சியிலிருந்து இ), 3 இருந்தால் மைனர் (ஏயிலிருந்து சி). அப்படிப் பார்த்தால் 1, 4, 5 மேஜர். 2, 3, 6 மைனர். பி-டி-எஃப் என்ற ஏழாவதில் அடுத்த இடைவெளியும் 3 என்பதால் அது டிமினிஷ்ட். 6-ஐ யாரும் தனியாக மைனராக்கவில்லை. ஸ்கேலுக்குள்ளேயே இருந்து எடுத்தால் அப்படித்தான் வரும்.

1-5-6-4-ஐ வாசிக்கும் விதம்: சி-இ-ஜி, பி-டி-ஜி, சி-இ-ஏ, சி-எஃப்-ஏ. கடைசி மாற்றத்தில் நகர்வது ஒரே ஒரு சுரம், இ எஃப் ஆகிறது. ஏ மைனரும் எஃப் மேஜரும் எவ்வளவு நெருங்கிய உறவு என்று விரலிலேயே தெரியும்.

5-க்குப் பிறகு 1 வந்தால் மனம் அமைதியாவதற்கும் காரணம் உண்டு. ஜி செவன்த் கார்டில் (ஜி-பி-டி-எஃப்) பியும் எஃபும் சேர்ந்து ஒலிப்பது உறுத்தும். பி அரைச் சுரம் ஏறி சியிலும், எஃப் அரைச் சுரம் இறங்கி இயிலும் போய் நிற்கும்போது உறுத்தல் அடங்குகிறது. இந்த இரண்டு சுரங்களை மட்டும் அடித்துப் பாருங்கள், விளக்கமே தேவைப்படாது.

மெட்டு வலது கையில் வந்துவிடுகிறது. எந்த இடத்தில் எந்த கார்ட் என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

1, 4, 5 மூன்று கார்டுகளுக்குள் ஸ்கேலின் ஏழு சுரங்களும் அடங்கிவிடுகின்றன. ஆகவே முதலில் இந்த மூன்றை வைத்தே முழு மெட்டையும் முடியுங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் (தாளத்தின் ஒரு சுற்று) எல்லாச் சுரத்துக்கும் கார்ட் தேட வேண்டாம். முதல் அடியில் விழும் சுரம், நீண்டு நிற்கும் சுரம் இரண்டையும் பாருங்கள். மற்றவை வழியில் வந்து போகிறவை.

சியை ஷட்ஜமாக வைத்து, சங்கராபரணச் சுரங்களில் (ச ரி க ம ப த நி = சி டி இ எஃப் ஜி ஏ பி) நான்கு வட்டம்:

க க ப ப | த த ப ம | ரி க ம ரி | ச , , ,

முதல் வட்டத்தில் கவும் பவும் (இ, ஜி) சி மேஜருக்குள் இருக்கின்றன. இரண்டாவதில் த நிற்கிறது, ம-வில் முடிகிறது; எஃப் மேஜர். நடுவில் வரும் ப கடந்து போகிற சுரம், அதற்காக கார்டை மாற்றக் கூடாது. மூன்றாவதில் ரி-யில் தொடங்கி ரி-யில் முடிகிறது, ஜி மேஜர். அங்கே வரும் ம (எஃப்) அதை ஜி செவன்த் ஆக்கி, அடுத்த ச-வுக்கு இழுக்கிறது. நான்காவது சி மேஜர்.

இது பழகியபின் மாற்றுக் கார்டுகளுக்குப் போகலாம். இரண்டாம் வட்டத்தில் எஃபுக்குப் பதில் டி மைனர் (டி-எஃப்-ஏ) வைத்தால் தவும் மவும் அதற்குள்ளும் பொருந்தும், நிறம் மட்டும் கொஞ்சம் மங்கும். மெட்டு திரும்பி வரும்போது முதல் வட்டத்தில் ஏ மைனர் வையுங்கள். க பொருந்தும், ப சேர்ந்து ஏ மைனர் செவன்த் ஆகும். ஒரே மெட்டு இரண்டாம் முறை வேறு முகம் காட்டும்.

கார்டை அடிக்கடி மாற்றுவதுதான் புதிதாகப் பழகுகிறவர்களின் பொதுவான தவறு. வட்டத்துக்கு ஒன்று என்பதே பெரும்பாலான எளிய மெட்டுகளுக்குப் போதும். காது சந்தேகப்பட்டால் வலது கையை நிறுத்திவிட்டு, ரூட் நோட்டுகளை மட்டும் இடது கையில் வாசித்துக்கொண்டே மெட்டை வாயால் பாடுங்கள். எங்கே உரசுகிறது என்று அப்போது உடனே பிடிபடும்.

சஸ்டெய்ன் பெடல் (ஒலியை நீட்டும் பெடல்) போட்டால் கார்டுகள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.
– ஒரு வாசகர், ஓசூர்

கார்டை அடிக்கும் அதே நொடியில் பெடலை மிதிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். புதிய கார்ட் விழும்போது கால் மேலே வர வேண்டும். விழுந்த மறுகணம் மீண்டும் மிதிக்க வேண்டும். ஆட்டோ அகம்பனிமெண்ட் ஓடும்போது பெடலே வேண்டாம்.

கர்நாடக சங்கீதம் கற்றவள். மாயாமாளவகௌளையில் வாசிக்கும்போது 1-4-5 போட்டால் ராகம் கெடுகிறது. மோகனத்துக்கும் சரியாக வரவில்லை.
– ஒரு வாசகி, கும்பகோணம்

உங்கள் காது சரியாகச் சொல்கிறது. சி ஷட்ஜமானால் மாயாமாளவகௌளையின் சுரங்கள் சி, டி பிளாட், இ, எஃப், ஜி, ஏ பிளாட், பி. ஜி மேஜருக்கு வேண்டிய டி இங்கே இல்லை. அதை வாசித்தால் சுத்த ரிஷபத்தின் (டி பிளாட்) மேல் சதுச்ருதி ரிஷபம் (டி) ஏறி உட்காரும். எஃப் மேஜரும் அப்படியே, அதன் ஏ இங்கே கிடையாது. ஒன்று விட்டு ஒன்றாக எடுத்தால் ராகத்துக்குள் முழுமையாகக் கிடைக்கும் மேஜர், மைனர் கார்டுகள் சி மேஜர், டி பிளாட் மேஜர், இ மைனர், எஃப் மைனர்.

முடிவுக்கு 5-1 தேடாதீர்கள். டி பிளாட் மேஜரிலிருந்து சி மேஜருக்கு இறங்குங்கள்: டி பிளாட் சிக்கும், எஃப் இக்கும், ஏ பிளாட் ஜிக்கும், மூன்றும் அரைச் சுரம் இறங்குகின்றன. ரிஷபம் ஷட்ஜத்தில் வந்து சேரும் இந்த ராகத்தின் இயல்பே கார்டாகிவிடுகிறது. எஃப் மைனரிலிருந்து சி மேஜரும் அழகாக அமரும்.

மோகனத்தில் (சி, டி, இ, ஜி, ஏ) முழு கார்டுகள் இரண்டே: சி மேஜர், ஏ மைனர். எஃப் கார்ட் மத்யமத்தையும் (எஃப்) ஜி கார்ட் நிஷாதத்தையும் (பி) கொண்டுவந்துவிடும். மெல்லிசையில் அது தாராளமாக நடக்கிறது, தவறு என்று சொல்ல மாட்டேன். ராகம் முன்னால் நிற்க வேண்டுமென்றால் ஜி வரும் இடத்தில் பியை விட்டுவிட்டு ஜியையும் டியையும் மட்டும் பிடியுங்கள். கமகம் வரும் இடங்களிலும் கார்டை இப்படி மெலிதாக்குவது நல்லது. இடது கையில் மூன்றாம் சுரம் அசையாமல் நின்றால், பாடுகிறவரின் அசைவோடு மோதும்.

எல்லாம் சி-யில் பழகிவிட்டேன். பாடகி நாலரைக் கட்டை கேட்கிறார்.
– ஒரு வாசகர், சேலம்

கட்டை என்பது பாடகரின் சுருதி: ஒரு கட்டை சி, இரண்டு டி, நான்கு எஃப், நாலரை எஃப் ஷார்ப், ஐந்து ஜி, ஆறு ஏ. அவசரத்துக்கு டிரான்ஸ்போஸை +6 அல்லது -6 வையுங்கள்; சி வாசித்தால் எஃப் ஷார்ப் கேட்கும். நிகழ்ச்சி முடிந்ததும் 0-க்குத் திருப்பாவிட்டால் அடுத்த பாட்டில் மற்றக் கருவிகளோடு மோதும்.

ஆனால் பாட்டுக் குறிப்பில் கார்ட் பெயருக்குப் பதில் எண்ணை எழுதிப் பழகினால் டிரான்ஸ்போஸை நம்பி இருக்க வேண்டியதில்லை. 1-4-5 ஐந்து கட்டையில் ஜி, சி, டி. இரண்டில் டி, ஜி, ஏ. நான்கில் எஃப், பி பிளாட், சி. முதலில் ஐந்து கட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே டி கார்டில் வரும் எஃப் ஷார்ப் ஒன்றுதான் புதிய கறுப்புக் கீ. விரல் அதில் தானாகப் போய் விழத் தொடங்கியதும் இரண்டு கட்டைக்குப் போகலாம். அங்கே டி கார்டின் எஃப் ஷார்ப்போடு ஏ கார்டின் சி ஷார்ப்பும் சேரும்.