விளம்பரத்தில் 120 ஹெர்ட்ஸ், வீட்டில் 60: டிவியைத் திருப்பித் தரலாமா?

கேள்வி: ஈரோட்டில் சிறிய ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். 55 அங்குல 4கே டிவி ஒன்றை ஆன்லைனில் 54,990 ரூபாய்க்கு வாங்கினேன். பொருள் விவரத்தில் ‘120 ஹெர்ட்ஸ், ஹெச்டிஆர், ஆழ்ந்த கருப்பு’ என்று போட்டிருந்தார்கள். மாட்டிய பிறகு பார்த்தால், இருட்டுக் காட்சிகள் சாம்பலாகத் தெரிகின்றன. கீழ் இடது மூலையில் வெளிச்சம் கசிகிறது. கிரிக்கெட்டில் கேமரா வேகமாகத் திரும்பும்போது படம் இழுபடுகிறது. திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி அணையாமல் நிற்கிறது. விசாரித்ததில் பேனலே (திரைப் பலகையே) 60 ஹெர்ட்ஸ்தானாம், அதாவது நொடிக்கு 60 முறைதான் படத்தைப் புதுப்பிக்குமாம். டெலிவரி ஆன எட்டாம் நாள் புகார் பதிந்தேன். பதினோராம் நாள் வந்த சர்வீஸ்காரர் ‘பேனல் இப்படித்தான், நார்மல்’ என்று ஜாப் ஷீட்டில் எழுதிவிட்டுப் போனார். பத்து நாள் ரிட்டர்ன் கெடு முடிந்துவிட்டது என்று விற்பனையாளர் கைவிரிக்கிறார். கடையின் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டுத்தான் பில் வாங்கினேன். வழக்குப் போட முடியுமா?

பதில்: முடியும். ஆனால் நான்கு குறைகளையும் ஒரே எடையில் மனுவில் எழுதிவிடாதீர்கள். ‘படம் நன்றாக இல்லை’ என்பதை எந்த நுகர்வோர் ஆணையமும் அளந்து பார்க்க முடியாது. ‘120 என்று சொன்னார்கள், 60 தந்தார்கள்’ என்பதை அளக்கலாம். வழக்கை அதன் மேல் நிறுத்துங்கள். மற்றவை அதற்குத் துணையாக வரட்டும்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் பிரிவு 2(10) ‘குறைபாடு’ என்பதற்குத் தரும் விளக்கம் உங்களுக்குச் சாதகமானது. சட்டமோ ஒப்பந்தமோ கோரும் தரத்தில் குறைந்தால் மட்டுமல்ல, வியாபாரி எந்த வகையிலாவது தன் பொருளுக்கு உண்டென்று சொல்லிக்கொண்ட தரத்தில் குறைந்தாலும் அது குறைபாடுதான். பொருள் விவரப் பக்கத்தில் எழுதியதும் ‘எந்த வகையிலாவது’ என்பதில் அடங்கும். இல்லாத தரத்தை உண்டென்று சொல்வது பிரிவு 2(47)-இன்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. ஆகவே ஒரே உண்மையிலிருந்து இரண்டு வாதங்கள் கிடைக்கின்றன.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பக்கத்தில் இருந்தது வெறும் ‘120 ஹெர்ட்ஸ்’தானா, அல்லது ‘மோஷன் 120’, ‘120 ரேட்’ போன்ற ஏதாவது ஒட்டுப்பெயரா என்று மறுபடி பாருங்கள். நிறுவனங்கள் 60 ஹெர்ட்ஸ் பேனலில் இரண்டு படங்களுக்கு நடுவே கணித்து உருவாக்கிய படங்களைச் செருகியோ பின்விளக்கை அணைத்து அணைத்து எரியவிட்டோ வரும் விளைவுக்கு இப்படியொரு பெயர் சூட்டி, அடியில் நட்சத்திரக்குறி போட்டு விளக்கம் தருவது வழக்கம். அப்படி இருந்தால் வழக்கு நிற்காது என்று அர்த்தமில்லை. தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க 2022 ஜூனில் வந்த வழிகாட்டு நெறிகளின்படி, பெரிய எழுத்தில் சொன்னதற்கு முரணாகக் கீழே பொடி எழுத்தில் விளக்கம் போடக் கூடாது. முக்கியமான தகவலை அந்தப் பொடி எழுத்தில் மறைக்கவும் கூடாது. ஆனாலும் வெறும் ‘120 ஹெர்ட்ஸ்’ என்றிருந்தால் வேலை பாதியாகக் குறையும்.

பேனல் 60 என்று எப்படி நிரூபிப்பது? பலர் மடிக்கணினியை இணைத்து, செட்டிங்கில் 60-க்கு மேல் வரவில்லை என்று படம் எடுத்துவந்து வைக்கிறார்கள். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இதை ஒரே கேள்வியில் உடைத்துவிடுவார். எச்டிஎம்ஐ 2.0 வாயில் (டிவியில் கேபிள் செருகும் இடத்தின் பழைய ரகம்) 4கே படத்தை 60 ஹெர்ட்ஸ் வரைதான் எடுக்கும். பேனல் 120 ஆக இருந்தாலும் வாயில் 2.0 என்றால் 60-தான் காட்டும். கேபிளோ மடிக்கணினியோ 2.1 என்ற புதிய ரகத்துக்குத் தகுதியில்லாததாக இருந்தாலும் அதே கதை. மறுபக்கமும் உண்டு: சில 60 ஹெர்ட்ஸ் டிவிகள் செங்குத்துத் துல்லியத்தை (மேலிருந்து கீழாக உள்ள புள்ளி வரிசைகளை) பாதியாக்கிக்கொண்டு 120 ஹெர்ட்ஸ் சிக்னலை ஏற்கும். அதைக் காட்டி ‘120 இருக்கிறதே’ என்பார்கள். எனவே இந்தச் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். டிவியின் பின்புற ஸ்டிக்கரில் இருக்கும் முழு மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை குறித்துக்கொண்டு, அதே எண்ணுக்குத் தயாரிப்பாளரின் இணையதளத்திலும் பயனர் கையேட்டிலும் போட்டிருக்கும் பேனல் விவரத்தைச் சேமியுங்கள். பிறகு தயாரிப்பாளருக்கு மின்னஞ்சலில் ஒரே வரி கேள்வி அனுப்புங்கள்: ‘இந்த மாடலின் இயல்பு புதுப்பிப்பு வேகம் எத்தனை ஹெர்ட்ஸ்?’ புகார் தொனி வேண்டாம். சாதாரண வாடிக்கையாளர் கேள்விக்கு வாடிக்கையாளர் பிரிவு பெரும்பாலும் நேராகப் பதில் போட்டுவிடும். அந்தப் பதில் எந்த நிபுணர் அறிக்கையையும் விட வலிமையானது.

கிரிக்கெட்டில் படம் இழுபடுவதை மனுவில் முன்வைக்காதீர்கள். இங்கே ஹெச்டி சேனல்கள் 1080i என்ற முறையில், 50 ஹெர்ட்ஸில்தான் வருகின்றன. பேனல் 120 ஆக இருந்தாலும் எல்சிடி திரையில் அசைவின்போது ஓரளவு மங்கல் இருக்கும். செட்டாப் பாக்ஸ் மேல் பழி போட அவர்களுக்கு வழி திறந்துவிடும்.

இரண்டாவது, மூலை வெளிச்சக் கசிவு. இது உண்மையான உற்பத்திக் குறையாக இருக்கலாம்: பேனலைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் அழுத்தம் சீராக இல்லாதது, லாரியில் வளைந்தது, சுவர் பிராக்கெட்டை முறுக்கி இறுக்கியது. கடைசிக் காரணம் உங்களுக்கு எதிராகத் திரும்பும். மாட்டியவர் நிறுவனம் அனுப்பிய ஆளா, வெளி ஆளா? நிறுவன ஆள் என்றால் அவருடைய இன்ஸ்டலேஷன் ஸ்லிப் பத்திரமாக இருக்க வேண்டும்.

கசிவைப் பதிவு செய்யும்போது எல்லோரும் செய்யும் தவறு, இருட்டறையில் செல்போனை ஆட்டோவில் விட்டுப் படம் எடுப்பது. இருட்டில் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளும். நல்ல டிவி கூட நெருப்புப் பிடித்தது போல் தெரியும். விஷயம் தெரிந்தவர் பார்த்தால் அந்தப் படத்தோடு உங்கள் நம்பகத்தன்மையும் போய்விடும். டிவியை அரை மணி நேரம் ஓடவிட்டு, கடையில் காட்டுவதற்கான ‘விவிட்’ முறையிலிருந்து ‘சினிமா’ அல்லது ‘ஸ்டாண்டர்ட்’ முறைக்கு மாற்றுங்கள். முழுக் கருப்பு, 5 சதவீதச் சாம்பல், 50 சதவீதச் சாம்பல் படங்களை பென் டிரைவிலிருந்து டிவியின் சொந்தப் பிளேயரிலேயே ஓட்டுங்கள். திரைக்கு நேராக, சுமார் ஏழடி தள்ளி நின்று, கேமராவில் எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) மாறாமல் பூட்டிவைத்து, கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத்தான் படத்திலும் தெரியும்படி எடுங்கள். பக்கத்தில் ஒரு சிறு விளக்கு எரிய, அதே எக்ஸ்போஷரில் இன்னொன்று எடுங்கள். அறை வெளிச்சத்திலும் கசிவு தெரிந்தால் ‘நார்மல்’ என்ற சொல் நிற்காது.

இருட்டுக் காட்சி சாம்பலாகத் தெரிவது வேறு விவகாரம். ஐபிஎஸ் வகைப் பேனலில் வெள்ளைக்கும் கருப்புக்குமான விகிதம் சுமார் ஆயிரத்துக்கு ஒன்றுதான். விஏ வகையில் மூவாயிரம் அல்லது அதற்கு மேல் இருக்கும். ஐபிஎஸ் பேனலை இருட்டறையில் பார்த்தால் கருப்பு சாம்பலாகத்தான் தெரியும். அது அந்தப் பேனலின் குணமே தவிர குறை அல்ல. ‘ஆழ்ந்த கருப்பு’ என்பதை வியாபாரப் புகழ்ச்சி என்று தள்ளிவிடுவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ‘ஹெச்டிஆர்’ (வெளிச்சத்துக்கும் இருட்டுக்குமான வீச்சைக் கூட்டிக் காட்டும் பட முறை) என்ற சொல்லும் அப்படியே. ஹெச்டிஆர் சிக்னலை ஏற்கும் என்பதற்கு மேல் அது எதையும் உறுதி சொல்வதில்லை. இத்தனை நிட் வெளிச்சம் என்றோ, இத்தனை பகுதிகளாகப் பின்விளக்கு மங்கும் என்றோ எண் போட்டு எழுதியிருந்தால் மட்டும் இதைக் கையில் எடுங்கள். இல்லையென்றால் மனுவில் ஒரு வரி போதும்.

வெள்ளைப் புள்ளியில் பெரிய நம்பிக்கை வைக்காதீர்கள். 4கே திரையில் 82,94,400 புள்ளிகள். ஐஎஸ்ஓ 13406-2 என்ற பழைய தரநிலையின் இரண்டாம் வகுப்பு, பத்து லட்சம் புள்ளிக்கு எப்போதும் எரிவது 2, எப்போதும் இருண்டது 2 என்று விட்டுக்கொடுக்கிறது. நிறுவனங்களின் வாரண்டி நிபந்தனைகளும் இதே போக்கில்தான் எழுதப்பட்டிருக்கும். ஒரு புள்ளிக்காக டிவியை மாற்றித் தரச் சொல்வது கடினம். ஆனால் வாங்கும் முன் அந்த நிபந்தனை உங்கள் கண்ணில் படும்படி எங்கும் இல்லை என்றால், அதையும் சொல்லி வையுங்கள். ‘இந்த நிபந்தனையே நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று மட்டும் வாதிட வேண்டாம். நியாயமற்ற ஒப்பந்தம் பற்றிய புகாரைக் கேட்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான், மாவட்ட ஆணையத்துக்கு இல்லை.

பத்து நாள் கெடுவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். முதலில், நீங்கள் எட்டாம் நாளே புகார் பதிந்துவிட்டீர்கள். ஆளை அனுப்பத் தாமதித்தது அவர்கள். அந்தப் புகார் எண் வந்த குறுஞ்செய்தியை அழித்துவிடாதீர்கள். இரண்டாவது, 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளில் விதி 6, பொருள் பழுதாக இருந்தாலோ விளம்பரத்தில் சொன்ன அம்சங்கள் இல்லாமல் இருந்தாலோ, திரும்ப எடுக்கவும் பணத்தைத் தரவும் விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்கிறது. ‘பிடிக்கவில்லை’ என்று திருப்புவதற்குத்தான் அந்தப் பத்து நாள். சொன்னது இல்லை என்பதற்கு அல்ல.

இப்போது உங்கள் பில். எதிர்த்தரப்பின் முதல் ஆட்சேபம் இங்கேதான் வரும்: ‘ஜிஎஸ்டி எண்ணில் வாங்கியது வணிக நோக்கம், இவர் நுகர்வோரே அல்ல.’ 2019-இல் லீலாவதி கீர்த்திலால் மேத்தா மருத்துவ அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம், வாங்கியவர் யார் என்பதை விட எதற்காக வாங்கினார் என்ற முதன்மை நோக்கத்தைத்தான் பார்க்க வேண்டும் என்றது. டிவி வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது, டெலிவரி வீட்டு முகவரிக்கு வந்தது என்று காட்டினால் தப்பலாம். ஆனால் அந்த பில்லுக்கு உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைக் கடையின் வரியில் கழித்துக்கொள்வது) எடுத்திருந்தால், வழக்குப் போடும் முன் உங்கள் ஆடிட்டரிடம் சொல்லி அதைத் திருப்பிக் கட்டிவிடுங்கள். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருளுக்கு அந்த வரவே கிடையாது என்று மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 17(5) சொல்கிறது. அங்கே தொழிலுக்கு என்றும் ஆணையத்தில் வீட்டுக்கு என்றும் சொன்னால் இரண்டு இடத்திலும் மாட்டுவீர்கள். கடையில் மாட்டியிருந்தால் நிலைமை வேறு. அப்போது இந்த வழக்கையே மறுபடி யோசிக்க வேண்டும்.

இனி செய்ய வேண்டியது. விற்பனையாளர், விற்பனைத் தளம், தயாரிப்பாளர் மூவருக்கும் நோட்டீஸ் அனுப்புங்கள். தளத்தின் குறைதீர் அலுவலருக்குத் தனியாக மின்னஞ்சல் போடுங்கள். அதே மின்வணிக விதிகளில் விதி 4-இன்படி அவர் 48 மணி நேரத்தில் ஒப்புகை தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். உத்தரவிடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை, ஆனால் பெரிய நிறுவனங்கள் பல அந்தக் கட்டத்திலேயே இறங்கிவரும். டிவியை வெளி மெக்கானிக் யாரும் திறக்க விடாதீர்கள். அட்டைப்பெட்டியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், அதன் மேல் அச்சான விவரமும் சாட்சிதான். பொருள் விவரப் பக்கத்தை முகவரியும் தேதியும் தெரியும்படி இன்றே சேமியுங்கள். நோட்டீஸ் போன மறுநாள் அந்தப் பக்கம் மாறிவிடலாம். மின்னணுப் பதிவுகளோடு பாரதிய சாட்சிய அதிநியமம் 2023 என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63-இன்படி சான்றிதழ் இணைப்பது நல்லது. நுகர்வோர் ஆணையம் சாட்சியச் சட்டத்தைக் கறாராகப் பிடிப்பதில்லை என்றாலும், ஆட்சேபத்துக்கு ஏன் இடம் தர வேண்டும்?

பதில் வராவிட்டால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் தாக்கல் செய்யலாம். புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 34 வழி தருகிறது. பில்லின் அடியில் ‘பெங்களூரு நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது’ என்று அச்சிட்டிருந்தாலும் அது உங்களைத் தடுக்காது. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம், நீங்களே வாதாடலாம். கால வரம்பு குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். இடையில் எத்தனை மின்னஞ்சல் போய் வந்தாலும் அந்தக் கணக்கு நிற்காது.

எதிர்த்தரப்பு பதிலுரை தர 30 நாள், மேற்கொண்டு 15 நாள். அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. கசிவு பற்றி ஆய்வகச் சோதனை தேவைப்பட்டால் பிரிவு 38-இன்படி ஆணையம் அனுப்பலாம், ஆனால் அதன் கட்டணத்தை நீங்கள்தான் கட்டவேண்டி வரும். சட்டம் மூன்று மாதம், சோதனை இருந்தால் ஐந்து மாதம் என்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும். ஹெர்ட்ஸ் வாதத்தை முன்னே வைக்கச் சொல்வதற்கு இதுவும் காரணம்: அதற்கு ஆய்வகம் வேண்டாம், காகிதம் போதும்.

கோரிக்கையில் முதலில் முழு விலையையும் வட்டியோடு திரும்பக் கேளுங்கள், மாற்றாக 120 ஹெர்ட்ஸ் பேனல் உள்ள டிவியைக் கேளுங்கள். மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம் என்றெல்லாம் எழுதினால் மனு இளைத்துவிடும். வழக்கு நடக்கும்போது ‘பேனலை இலவசமாக மாற்றித் தருகிறோம்’ என்று வருவார்கள். அதே மாடலுக்கு வரும் பேனலும் 60-தான் இருக்கும். அது கசிவைச் சரிசெய்யும், உங்கள் முதன்மை வாதத்தைத் தீர்க்காது. ஏற்பதானால், ஹெர்ட்ஸ் வித்தியாசத்துக்கான தொகையையும் சேர்த்து ஆணையத்தின் முன்னிலையில் எழுத்தில் பதிவு செய்த பிறகே சர்வீஸ்காரருக்குக் கதவைத் திறங்கள்.