தெத்துப்பல்லுக்கு எந்தக் கிளிப்? பெற்றோரின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகளுக்கு 8 வயது. கீழ் முன்பற்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. இப்போதே கிளிப் போட வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டியிருக்காது. ஆனால், பல் சீரமைப்பு மருத்துவரிடம் இப்போதே ஒருமுறை காட்டிவிடுங்கள். இந்த வயதில் கீழ் முன்பற்களுக்கு 2 மில்லிமீட்டர் அளவுக்கு இடம் போதாமல் இருப்பது இயல்புதான். பின்னால் இருக்கும் பால் கடைவாய்ப்பற்கள், அவற்றுக்குப் பதிலாக முளைக்கும் நிரந்தரப் பற்களைவிட அகலமானவை. அதனால் அவை விழும்போது கீழ்த்தாடையில் பக்கத்துக்குச் சுமார் 2.5 மில்லிமீட்டர் இடம் மிஞ்சும். கவனிக்காமல் விட்டால், பெரிய கடைவாய்ப்பல் முன்னோக்கி நகர்ந்து அந்த இடத்தை விழுங்கிவிடும். நாக்குப் பக்கமாக ஒரு மெல்லிய கம்பியைப் பொருத்தி அதைத் தடுத்துவைத்தால், சில பிள்ளைகளுக்குப் பற்களின் நெருக்கடி கணிசமாகக் குறைந்துவிடும். சொத்தையால் பால் கடைவாய்ப்பல்லை முன்கூட்டியே எடுக்க நேர்ந்திருந்தாலோ, மேல் முன்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே கடித்தாலோ மட்டும் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: உலோகக் கிளிப், செராமிக் கிளிப், கதவு வைத்த கிளிப் என்று மூன்று வகை சொன்னார்கள். 12 வயதுப் பையனுக்கு எது விரைவில் பலன் தரும்?

பதில்: விரைவு என்ற அளவுகோலை முதலில் ஒதுக்கிவிடலாம். பல்லை நகர்த்துவது ஒவ்வொரு பல்லின் மேலும் ஒட்டியிருக்கும் பிராக்கெட் என்ற சிறு துண்டு அன்று, அதன் பள்ளத்தில் ஓடும் கம்பிதான். தொடக்க மாதங்களில் போடப்படும் நிக்கல்-டைட்டேனியம் கம்பியைக் கோணலான பற்களுக்கேற்ப வளைத்துக் கட்டினாலும், அது தன்னுடைய பழைய வளைவுக்கே திரும்பப் பார்க்கும். அந்த மெல்லிய இழுவிசைக்கு இணங்கி, வேரைச் சுற்றியுள்ள எலும்பு ஒரு பக்கம் கரைந்து மறுபக்கம் புதிதாக வளர்வதால்தான் பல் இடம் மாறுகிறது. மாதத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் என்ற இந்த வேகத்தை எந்த பிராக்கெட்டும் பெரிதாக மாற்றிவிடுவதில்லை.

வேறுபாடுகள் வேறு இடங்களில் இருக்கின்றன. உலோக பிராக்கெட் சிறியது, உறுதியானது, விலையும் குறைவு. ஓடியாடி விளையாடும் பிள்ளைக்கு என் முதல் தேர்வு அதுதான். செராமிக் பல்லின் நிறத்திலேயே இருப்பதால் வெளியே அவ்வளவாகத் தெரியாது. ஆனால் சற்றுப் பருமனானது, ஓரம் உடையக்கூடியது, பல்லின் மேலுறையான எனாமலைவிடக் கடினமானது. ஆழமாகக் கடிக்கும் வாயில் அதைக் கீழ்ப்பற்களில் ஒட்டினால், மேல் முன்பற்களின் நுனி அதில் உரசித் தேய்ந்துவிடும். ஆகவே, செராமிக்தான் வேண்டும் என்று பிள்ளை பிடிவாதம் பிடித்தால் மேலே செராமிக்கும் கீழே உலோகமுமாக ஒட்டுவேன். சிரிக்கும்போது பெரும்பாலும் மேல்வரிசைதானே தெரிகிறது! கதவு வைத்த கிளிப்பில் ரப்பர் வளையத்துக்குப் பதிலாக ஒரு சிறு மூடி கம்பியைப் பிடித்துக்கொள்ளும். கம்பி மாற்றும் வேலை சில நிமிடம் முன்னதாக முடியும். மொத்தச் சிகிச்சைக் காலமே குறையும், பல் எடுக்கவே வேண்டியிராது என்ற விளம்பரப் பேச்சை, ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. அதற்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: கம்பியே வேண்டாம், அலைனர் போதும் என்கிறாள் 13 வயது மகள். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: அலைனர் என்பது பல்வரிசையின் மேல் மாட்டிக் கழற்றும் ஒளிபுகும் பிளாஸ்டிக் உறை; அடுத்தடுத்த செட்டாக மாற்றிக்கொண்டே போவார்கள். மிதமான நெருக்கடிக்கு அது நல்ல வழிதான். கழற்றிவிட்டுப் பல் துலக்கலாம், உணவுக் கட்டுப்பாடும் குறைவு. ஆனால் நாளொன்றுக்கு 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருந்தால்தான் அது வேலை செய்யும். சாப்பிடும்போது கழற்றி, டிஷ்யூ காகிதத்தில் சுற்றி மேசையில் வைத்த அலைனர் தட்டோடு சேர்ந்து குப்பைத் தொட்டிக்குப் போன கதையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். இரண்டு நாள் போடாமல் விட்டாலே அடுத்த செட் பல்லில் சரியாக உட்காராது. கண்ணாடி, தண்ணீர் பாட்டில் ஆகியவற்றைத் தொலைக்காத பிள்ளையா என்று யோசித்துப் பாருங்கள். அதிகமாகத் திரும்பியிருக்கும் உருண்டையான முன்கடைவாய்ப்பல்லுக்கும், மேலே ஏறி நிற்கும் கோரைப்பல்லைக் கீழே இறக்குவதற்கும் கம்பியே கைகொடுக்கும்.

கேள்வி: நான்கு நல்ல பற்களை எடுக்கச் சொல்கிறார்கள். மனம் ஒப்பவில்லை.

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானதே. எத்தனை மில்லிமீட்டர் இடம் குறைகிறது என்று கேளுங்கள். தாடை மாதிரியில் அளந்து காட்டச் சொல்லுங்கள். 4 மில்லிமீட்டருக்குள் என்றால் பெரும்பாலும் எடுக்காமலே சரிசெய்யலாம். 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் எடுக்காமல் தீர்வது அரிது. இடையில் உள்ளவர்களுக்குத்தான் உதடுகளின் அமைப்பு, ஈறின் தடிமன், தாடையின் வளர்ச்சி எல்லாவற்றையும் பார்த்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. இடமில்லாத இடத்தில் பற்களை வரிசைப்படுத்தினால் அவை முன்னே தள்ளிக்கொண்டு வரும். உதட்டை மூடவே பிள்ளை சிரமப்படும்.

கேள்வி: கிளிப் போட்டு ஆறு மாதமாகிறது. பிராக்கெட்டைச் சுற்றிச் சுண்ணாம்பு பூசினாற்போல் வெண்மை தெரிகிறது.

பதில்: அது சொத்தையின் முதல் படி. பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் இடையிலுள்ள குறுகிய பட்டையில் படியும் அழுக்கு, சில வாரங்களிலேயே எனாமலின் தாதுக்களைக் கரைத்துவிடும். கிளிப்பைக் கழற்றிய பிறகு அந்த இடம் சதுரமாக எடுத்துக்காட்டும், முழுவதும் மறைவதும் கடினம். பிரஷைச் சாய்த்து, கம்பிக்கு மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை எனத் துலக்கச் செய்யுங்கள். ஃபுளோரைடு பற்பசை கட்டாயம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். ஈறு வீங்கித் துலக்கவே முடியவில்லை என்றால் கம்பியைச் சில வாரம் எடுத்துவைப்பதும் உண்டு.

கேள்வி: கழற்றிய பின் பற்கள் மறுபடி நெருங்குமா?

பதில்: நெருங்கும், அதிலும் கீழ் முன்பற்கள். அதனால்தான் ரிடெய்னர், அதாவது நேராக்கிய பற்களை அதே இடத்தில் பிடித்துவைக்கும் சாதனம். திரும்பியிருந்த பல்லை நேராக்கினால், ஈறிலுள்ள மீள்தன்மை கொண்ட நார்கள் அடங்க ஓர் ஆண்டு வரை ஆகும். முதல் சில மாதங்கள் முழுநேரமும், பிறகு இரவுகளிலும் போட வேண்டும். உட்பக்கம் ஒட்டிய கம்பியாக இருந்தால், ஒரு பல்லிலிருந்து ஒட்டு விட்டுப்போவது வலியில்லாமலே நடக்கும் என்பதால், மாதம் ஒருமுறை டார்ச் வெளிச்சத்தில் நீங்களே பாருங்கள்.