கிடியனின் பென்சில் மனுவிலிருந்து தொடங்குங்கள்

அமெரிக்கச் சட்டம், அங்கே சட்டம் இயற்றும் விதம், சட்ட வரலாறு பற்றிய புத்தகங்களைக் கேட்டு நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். நான் வக்கீல் இல்லை. சட்ட நூலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அதனால் புத்தக யோசனை மட்டும்தான் தருவேன், வழக்கு யோசனை கிடையாது.

கேள்வி: அக்கா, எனக்குச் சட்டம் என்றால் என்னவென்றே தெரியாது. ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்கள்.

ஆந்தனி லூயிஸ் 1964இல் எழுதிய 'கிடியன்ஸ் ட்ரம்பெட்'. ஃபுளோரிடாவில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தில் புகுந்து திருடியதாக 1961இல் கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்பவரைப் பிடிக்கிறார்கள். வக்கீல் வைக்க அவரிடம் காசில்லை. நீதிமன்றமே ஒருவரை அமர்த்தித் தர வேண்டும் என்று கேட்கிறார். மரண தண்டனை வழக்கென்றால்தான் அப்படித் தர முடியும் என்று நீதிபதி மறுத்துவிடுகிறார். தானே வாதாடித் தோற்று, ஐந்து வருடத் தண்டனையோடு உள்ளே போகிறார். சிறையிலிருந்து பென்சிலால் ஒரு மனு எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்புகிறார். 1963இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து அவர் பக்கம் நின்றார்கள். மறுவிசாரணையில் கூடவே ஒரு வக்கீல் இருந்தார், ஜூரி கிடியனை விடுவித்துவிட்டது.

லூயிஸ் நீதிமன்றச் செய்தியாளர். கதையோடு கதையாக, ஒரு மனு உள்ளே போய் எந்தெந்தக் கை மாறுகிறது, 1942இல் தாங்களே கொடுத்த தீர்ப்பை நீதிபதிகள் எப்படித் தூக்கிப்போடுகிறார்கள் என்பதையெல்லாம் சொல்லிவிடுவார். பாடம் படிக்கிறோம் என்ற நினைப்பே வராது.

கேள்வி: மேடம், சட்டக் கல்லூரி மாணவன். பரீட்சைக்காக இல்லை, ஆர்வத்துக்காக அமெரிக்கச் சட்ட வரலாறு முழுவதையும் படிக்க ஆசை. ஹோம்ஸில் தொடங்கலாமா?

வேண்டாம் தம்பி. ஆலிவர் வெண்டல் ஹோம்ஸின் 'தி காமன் லா' 1881இல் வந்தது. சட்டத்தின் உயிர் தர்க்கத்தில் இல்லை, அனுபவத்தில் இருக்கிறது என்ற வரி முதல் பக்கத்திலேயே வரும். எல்லோரும் மேற்கோள் காட்டுவது அதைத்தான். அதைத் தாண்டினால் பழைய இங்கிலாந்து வழக்குகளுக்குள் கூட்டிக்கொண்டு போய்விடுவார். நானே இரண்டு முறை பாதியில் மூடி வைத்திருக்கிறேன்.

லாரன்ஸ் ஃப்ரீட்மனின் 'எ ஹிஸ்டரி ஆஃப் அமெரிக்கன் லா' வாங்குங்கள். முதல் பதிப்பு 1973, பிறகு திருத்திய பதிப்புகளும் வந்திருக்கின்றன. பெரிய தீர்ப்புகளை வரிசையாக அடுக்கும் புத்தகம் இல்லை இது. நிலம், கடன், கல்யாணம், ரயில் விபத்து என்று சாதாரண ஜனங்கள் படும் பாடுகளைப் பிடித்துக்கொண்டு, சமூகம் மாற மாறச் சட்டம் எப்படி மாறியது என்று காட்டுவார். தடி புத்தகம்தான். பிடித்த அத்தியாயத்தை மட்டும் எடுத்துப் படித்தாலும் புரியும்.

கேள்வி: எல்லோரும் உச்ச நீதிமன்றத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். சட்டம் போடுகிற காங்கிரஸைப் பற்றி நல்ல புத்தகமே இல்லையா?

அப்பாடா, இதைக் கேட்க ஒருவராவது வந்தீர்களே! நீதிமன்றத்தை மட்டும் படித்தால் பாதிக் கதைதான் தெரியும். மூன்று புத்தகங்கள் சொல்கிறேன், இதே வரிசையில் படியுங்கள்.

முதலில் எரிக் ரெட்மனின் 'தி டான்ஸ் ஆஃப் லெஜிஸ்லேஷன்'. 1973இல் வந்தது, சின்னப் புத்தகம். செனட்டர் வாரன் மேக்னசனிடம் உதவியாளராக இருந்த இளைஞர் எழுதியது. டாக்டர்கள் இல்லாத ஊர்களுக்கு அரசே டாக்டர்களை அனுப்ப வேண்டும் என்று ஒரு மசோதா. நல்ல விஷயம், யார் எதிர்க்கப்போகிறார்கள் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் எந்தக் குழுவுக்கு அனுப்புவது, யாருடைய கையெழுத்தை முதலில் வாங்குவது, எவருடைய மனத்தாங்கலை ஆற்றுவது என்று அது படும் பாடு இருக்கிறதே!

அடுத்தது 'ஷோடவுன் அட் கூச்சி கல்ச்', 1987. பர்ன்பாம், மர்ரி என்ற இரண்டு பத்திரிகையாளர்கள் எழுதியது. 1986 வரிச் சீர்திருத்தச் சட்டத்தின் கதை. வரிக் குழு கூடும் அறைக்கு வெளியே சட்டத்தைத் தங்களை அனுப்பியவர்களுக்குச் சாதகமாக வளைக்கப் பார்க்கும் தரகர்கள் விலையுயர்ந்த கூச்சி ஷூ போட்டுக்கொண்டு காத்துக் கிடப்பார்கள், அந்த நடைபாதைக்கு வைத்த பட்டப்பெயர்தான் தலைப்பு. தனிநபர் வருமான வரியின் உச்ச விகிதம் 50 சதவீதத்திலிருந்து 28 ஆனது. பதிலுக்குப் பல சலுகைகளை வெட்டினார்கள். செத்துப்போச்சு என்று எல்லோரும் கைகழுவிய மசோதா எழுந்து வந்து செனட்டில் 97க்கு 3 என்று ஜெயிப்பதைத் துப்பறியும் கதை மாதிரி எழுதியிருப்பார்கள்.

கடைசியாக ராபர்ட் கேரோவின் 'மாஸ்டர் ஆஃப் தி செனட்', 2002. ஆயிரம் பக்கத்துக்கு மேல். பின்னாளில் ஜனாதிபதியான லிண்டன் ஜான்சன், செனட்டில் பெரும்பான்மைக் கட்சித் தலைவராக இருந்தபோது 1957 சிவில் உரிமைச் சட்டத்தை எப்படி நிறைவேற்றினார் என்பது இதன் உச்சம். அதற்காக மசோதாவின் பல்லைப் பிடுங்கினார் என்பதையும் கேரோ மறைக்கவில்லை. 1875க்குப் பிறகு கறுப்பின மக்களின் உரிமைக்காகக் காங்கிரஸ் போட்ட முதல் சட்டம் இதுதான். பல்லில்லாத சட்டத்தைப் போட்டது சரியா என்று என் வீட்டில் இன்னமும் சண்டை நடக்கிறது.

கேள்வி: ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள் 85ஐயும் படித்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். 10, 51, 78 போதும். ஹாமில்டன், மேடிசன், ஜே மூவரும் 'பப்ளியஸ்' என்ற புனைபெயரில் 1787-88இல் நியூயார்க் பத்திரிகைகளுக்கு எழுதியவை. அரசியல் சட்டத்துக்கு ஆதரவு திரட்ட, கட்சி கட்டிக்கொண்டு எழுதியவை என்பது நினைவிருக்கட்டும். எதிர்த்தரப்பில் 'புரூட்டஸ்' என்ற பெயரில் ஒருவர் எழுதினார், அதையும் சேர்த்துப் படித்தால்தான் வாதம் ருசிக்கும்.

அப்புறம், அந்த அரசியல் சட்டத்தை எழுதிய 1787 மாநாட்டில் மேடிசன் எடுத்த குறிப்புகள் 1840இல், அவர் இறந்து நான்கு வருடம் கழித்துத்தான் வெளிவந்தன. அவற்றை அவரே பிற்பாடு திருத்தினார் என்பதை மேரி சாரா பில்டர் 2015இல் 'மேடிசன்ஸ் ஹேண்ட்' என்ற புத்தகத்தில் எடுத்துக்காட்டினார்.

கேள்வி: நம் அரசியல் சட்டத்துக்கும் அமெரிக்காவுக்கும் தொடர்பு பற்றி எதில் படிக்கலாம்?

கிரான்வில் ஆஸ்டின் என்ற அமெரிக்கர் 1966இல் எழுதிய 'தி இண்டியன் கான்ஸ்டிட்யூஷன்: கார்னர்ஸ்டோன் ஆஃப் எ நேஷன்'. நம் அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் பி. என். ராவ் அமெரிக்கா போய் அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்த கதை இதில் வரும். அமெரிக்கர்களின் 'டியூ ப்ராசஸ்' (ஒருவரின் உரிமையைப் பறிக்கும் நடைமுறை நியாயமாக இருக்க வேண்டும் என்பது) என்ற சொல் நீதிபதிகள் கையில் அளவுக்கு மீறிய அதிகாரத்தைக் கொடுத்துவிடும் என்று ஃபிராங்க்ஃபர்ட்டர் எச்சரித்தார். அதனால்தான் உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் நம் 21ஆம் பிரிவில் 'சட்டம் வகுத்த நடைமுறை' என்ற வேறு சொற்கள் வந்தன. 1950இல் விசாரணையின்றி அடைக்கப்பட்டிருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலன் மெட்ராஸ் மாநில அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கு அந்தச் சொற்களில்தான் இடறி விழுந்தது. 1978 மேனகா காந்தி வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், அந்த நடைமுறை நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று சொல்லி, வேறு வழியாக 'டியூ ப்ராசஸ்' பக்கமே வந்து சேர்ந்தது.

கேள்வி: இவ்வளவும் வாங்கக் காசுக்கு எங்கே போவது? இலவசமாக எதுவும் கிடைக்காதா?

ஃபெடரலிஸ்ட், ஹோம்ஸ் இரண்டும் ப்ராஜெக்ட் குட்டன்பெர்க்கில் இருக்கின்றன. அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்குக் காப்புரிமை கிடையாது, இணையத்தில் சும்மாவே இறக்கிக்கொள்ளலாம். ஒன்றே ஒன்று: தீர்ப்பின் தலைப்பில் 'சிலபஸ்' என்று ஒரு சுருக்கம் இருக்கும். அது நீதிமன்ற ஊழியர் எழுதுவது, தீர்ப்பின் பகுதி இல்லை. அதை எடுத்து நீதிபதி சொன்னார் என்று கட்டுரையில் போட்டு மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: அக்கா, கிடியன் கதை படமாக வந்திருக்கிறதா? வாசிக்கச் சோம்பலாக இருக்கிறது.

வந்திருக்கிறது. 1980இல் தொலைக்காட்சிக்கு எடுத்தார்கள், ஹென்றி ஃபோண்டாதான் கிடியன். சரி, பாருங்கள். பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வாருங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.