அப்பச்சியின் பத்மினிக்குப் பெயிண்ட் வேண்டாம்

கேள்வி: எங்கள் வீடு தேவகோட்டையில், நாங்கள் இருப்பது சென்னையில். அப்பச்சி (அப்பா) 1994-இல் புதிதாக வாங்கிய பிரீமியர் பத்மினி கார் கொட்டகையில் நிற்கிறது. அவர் காலமாகி ஒன்றரை ஆண்டு ஆகிறது. அதற்கு முன்பிருந்தே வண்டியை யாரும் எடுக்கவில்லை. இப்போது விற்றுவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். இன்ஜினை இறக்கி வேலை பார்த்து, முழுக்கப் பெயிண்ட் அடித்தால் நல்ல விலை போகும் என்று ஒரு மெக்கானிக் சொல்கிறார். 80,000 ரூபாய் கேட்கிறார். செய்யலாமா? ஆசையாக வைத்திருந்த வண்டியை ஏனோதானோவென்று தள்ளிவிடவும் மனம் வரவில்லை.

பதில்: பெயிண்ட் அடிக்காதீர்கள் அம்மா. மற்றதையெல்லாம் பிறகு சொல்கிறேன், இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பர்மா தேக்குத் தூணுக்கு எனாமல் பெயிண்ட் பூசிய வீடு ஒன்றையாவது நீங்கள் பார்த்திருப்பீர்கள். காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் பழம்பொருள் வாங்குகிறவரிடம் அப்படி ஒரு தூணைக் காட்டினால், பூச்சைச் சுரண்டி உள்ளே மரம் எப்படி இருக்கிறது என்றுதான் பார்ப்பார். பழைய கார் வாங்க வருகிறவருக்கும் அதே கண். முப்பது வயதுக் கார் பளபளவென்று நின்றால், இதற்குள் பள்ளத்தை நிரப்பும் பட்டி (பசை) எவ்வளவு இருக்கிறதோ என்ற சந்தேகம்தான் முதலில் வரும். துணி சுற்றிய சிறு காந்தத்தைக் கதவின் அடிவிளிம்பில் வைத்துப் பார்ப்பார். தகடு உள்ள இடத்தில் காந்தம் கவ்வும். பட்டி தடிமனாக உள்ள இடத்தில் நழுவி விழும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பட்டறைக்கு வந்த ஓர் அம்பாசடருக்கு, விற்பனைக்காக நானே முழுப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். நல்ல தகடு, துருவே இல்லாத வண்டி. அதற்குச் சாட்சியாக இருந்த பழைய பெயிண்டை நான் தேய்த்து எடுத்துவிட்டேன். வந்தவர்கள் எல்லோரும் சந்தேகப்பட்டே விலை கேட்டார்கள். உரிமையாளருக்குப் பெயிண்ட் செலவுகூடத் திரும்பவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது.

அடுத்து, இன்ஜின். இறக்க வேண்டும் என்று சொன்னவரிடம், கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பார்த்தீர்களா என்று கேளுங்கள். உங்கள் வண்டியில் இருப்பது 1089 சி.சி. நான்கு சிலிண்டர் இன்ஜின். பிளக்குகளைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு சிலிண்டரிலும் அளவுமானியை வைத்துச் சுழற்றினால் ஒரு மணி நேரத்தில் விவரம் தெரிந்துவிடும். நான்கு அளவும் ஏறக்குறைய ஒன்றாக, பத்து சதவீதத்துக்குள் இருந்தால் இன்ஜினில் கை வைக்கத் தேவையில்லை. ஒன்று மட்டும் குறைந்தால் அந்தச் சிலிண்டரில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டரின் உட்சுவரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். ஆனால் நெடுநாள் நின்ற வண்டியில் முதல் அளவை முழுதாக நம்பக்கூடாது. ரிங்குகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓட்டிய பிறகு எடுக்கும் அளவுதான் கணக்கு.

நெடுநாள் நிற்பது என்றேனே, செட்டிநாட்டுக் கார்களுக்கு அதுதான் நோய். வேறு ஊர்களில் கார் ஓடித் தேய்கிறது. இங்கே பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் பிள்ளையார் நோன்புக்கும் வெளியே வந்துவிட்டு, மற்ற நாளெல்லாம் கொட்டகையில் நின்று கெடுகிறது. ஆகவே யாரும் ஆர்வத்தில் சாவியைத் திருகிவிட வேண்டாம். முதலில் பானட்டைத் திறந்து ஏர் கிளீனர் மூடியைக் கழற்றிப் பாருங்கள். தேங்காய் நாரும் கிழிந்த காகிதமும் சேர்த்து எலி கூடு கட்டியிருந்தால், கொறித்த ஒயர் எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். செம்பு தெரிகிற ஒயரை விட்டுவிட்டு பேட்டரியை இணைத்தால் கார் தீப்பிடிக்கலாம்.

பிறகு டேங்கில் கிடக்கும் பெட்ரோலை முழுக்க வடித்துவிட வேண்டும். பழைய பெட்ரோல் வார்னிஷ் வாடை அடிக்கும். கார்புரேட்டர் ஜெட்டில், அதாவது பெட்ரோல் பாயும் நுண்துளையில், பிசினாகப் படிந்திருக்கும். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எனவே டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸையும் மாற்றிவிடுங்கள். செலவு சிறியது. பிளக் துவாரங்கள் வழியே ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு, ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் டாப் கியரில் வண்டியை மெல்லத் தள்ளி இன்ஜின் சுற்றுகிறதா என்று பார்த்த பிறகு புது ஆயில், புது பேட்டரி. அப்புறம்தான் சாவி.

மெக்கானிக்கிடம் பேரம் பேசக் கூடாத இடம் பிரேக். பத்மினிக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். நின்ற வண்டியில் பிரேக் ஆயில் ஈரத்தை வாங்கி, வீல் சிலிண்டருக்குள் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கும். கொட்டகைக்குள் மிதித்துப் பார்த்தால் பெடல் சரியாக இருப்பதுபோலவே தெரியும். டிரம்மைக் கழற்றி, சிலிண்டரின் ரப்பர் மூடியை விரலால் விலக்கினால் உள்ளே கசிந்த ஈரம் தெரியும். நான்கையும் திறக்கச் சொல்லுங்கள். சிலிண்டர், ரப்பர் ஹோஸ், ஆயில் எல்லாம் புதிதாகட்டும். வாங்குகிறவர் அன்றைக்கே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மதுரைக்கோ திருச்சிக்கோ போவார். அந்தச் சாலையில் வண்டி நிற்க வேண்டும்.

டயரில் கோடுகள் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தால் நான்கையும் மாற்றுங்கள்.

இருக்கை கிழிசல், டேஷ்போர்டு வெடிப்பு, சிறு நசுங்கல் எல்லாம் அப்படியே இருக்கட்டும். செம்மண் தூசியை மட்டும் நன்றாகக் கழுவி, மிதியடிக்குக் கீழே தரைத்தகட்டைப் பார்த்துவிடுங்கள். எண்ணெய்க் கசிவைத் துடைத்து மறைக்க வேண்டாம். துடைத்துவிட்டுக் கொஞ்சம் ஓட்டி, எங்கே கசிகிறது என்று கண்டுபிடியுங்கள். வால்வு மூடியின் கேஸ்கட் என்றால் உடனே மாற்றலாம். பெரிய இடம் என்றால் வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள். குரோமிய பம்பர், வீல் கப், பழைய ரேடியோ என்று கழற்றும் எதையும் எடைக்குப் போடவிடாதீர்கள். பத்மினி தயாரிப்பு நின்று கால் நூற்றாண்டு ஆகிறது. ஒரிஜினல் பாகம் தேடி அலைகிறவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அப்பச்சி வண்டிக்கென்று நோட்டு வைத்திருந்தாரா? கணக்கு எழுதாத வீடு நம் பக்கம் குறைவு. தேதி, கிலோமீட்டர், ஆயில் மாற்றியது, எந்தப் பாகம் எப்போது என்று அவர் கையெழுத்தில் இருந்தால் 80,000 ரூபாய்ப் பெயிண்டைவிட அதற்கு மதிப்பு அதிகம். நகல் எடுத்து வாங்குகிறவருக்குக் கொடுங்கள். மூலம் உங்களிடமே இருக்கட்டும். வண்டி பார்க்க ஆள் வரும் நாளில் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்காதீர்கள். விவரம் தெரிந்தவர் முதலில் பானட்டின் மேல்தான் கை வைப்பார். குளிர்ந்த இன்ஜின் அவர் கண்ணெதிரே கிளம்பட்டும்.

காகித வேலையை இன்றே தொடங்குங்கள். பட்டறை வேலையைவிட அதற்குத்தான் நாள் பிடிக்கும். ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) இன்னும் அப்பச்சி பெயரில் இருந்தால் நேரடியாக விற்க முடியாது. வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் வைத்துப் படிவம் 31 மூலம் முதலில் உங்களில் ஒருவர் பெயருக்கு மாற்ற வேண்டும். காலமான மூன்று மாதத்துக்குள் செய்திருக்க வேண்டிய காரியம் இது. தாமதக் கட்டணத்துக்கும் தயாராக இருங்கள். 1994-இல் பதிவான வண்டிக்கு முதல் 15 ஆண்டு 2009-இல் முடிந்தது. அதன் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தாக வேண்டும். 2024-இல் புதுப்பித்தார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் வண்டியை ஆய்வுக்குக் காட்ட வேண்டும். பிரேக்கும் விளக்கும் சரியாக இல்லாமல் அதில் தேற முடியாது. 20 வயது தாண்டிய கார்களுக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்துவிட்டது. பசுமை வரி தனி. அந்தக் காலத்துக் கடன் அடமானப் பதிவு ஆர்.சி.யில் நீக்கப்படாமல் இருந்தால், வங்கியின் கடிதத்தோடு படிவம் 35 கொடுத்து நீக்கிக்கொள்ளுங்கள்.

விற்கும் நாளில் உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டு, வண்டியை ஒப்படைத்த தேதியையும் நேரத்தையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 14 நாளுக்குள் விற்பனையைப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிப்பது உங்கள் பொறுப்பு. வாங்கியவர் மாற்றிக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள். வண்டி கைமாறியிருந்தாலும் பதிவேட்டில் பெயர் உள்ளவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வாகனப் பதிவு விவரம் காட்டும் அரசின் பரிவாகன் இணையத்தளத்தில் புதியவர் பெயர் ஏறியதைக் கண்ணால் பார்க்கும்வரை எல்லா நகல்களும் உங்கள் கோப்பிலேயே இருக்கட்டும்.