நூறு சதவீதத் தேர்ச்சி என்றால் நல்ல நர்சிங் கல்லூரியா?

தமிழ்நாடு-கேரள எல்லையான களியக்காவிளைக்கு இப்புறமும் அப்புறமும் உள்ள கல்லூரிகளை பேனரில் உள்ள தேர்ச்சி சதவீதத்தை வைத்து ஒப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. அமெரிக்காவில் நர்ஸ் உரிமம் பெற எழுதும் என்கிளெக்ஸ் (NCLEX) எல்லா மாநிலத்துக்கும் ஒரே தேர்வு. அதில் முதல்முறைத் தேர்ச்சியைக் கொண்டு கல்லூரிகளை எடைபோடலாம். இங்கே தமிழ்நாட்டுக்கு எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், கேரளத்துக்குத் திருச்சூரில் உள்ள சுகாதாரப் பல்கலைக்கழகம். வினாத்தாளே வேறு.

ஒரே பல்கலைக்கழகத்துக்குள் ஒப்பிட்டாலும் எதை எதால் வகுத்தார்கள் என்று கேளுங்கள். 60 பேர் சேர்ந்து, 48 பேர் இறுதியாண்டுத் தேர்வெழுதி, 46 பேர் தேறினால் பேனரில் 96 சதவீதம் வரும். சேர்ந்தவர்களை வைத்துக் கணக்கிட்டால் 77தான். நடுவில் நின்ற 12 பேர் ஏன் நின்றார்கள் என்பதுதான் முக்கியமான கேள்வி. அரியர் எழுதித் தேறியவர்களையும் தனியே பிரிக்கச் சொல்லுங்கள். 40 பேர் உள்ள வகுப்பில் ஒருவர் தோற்றாலே 2.5 சதவீதம் குறையும். ஆகவே மூன்று நான்கு வருட முடிவுகளாவது வேண்டும்.

இன்டர்னல் மார்க்கைக் கல்லூரியே போடுகிறது, அதையும் மறக்க வேண்டாம்.

தேர்ச்சி விகிதம் காட்டாதது வார்டுப் பயிற்சி. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி ஒரு மாணவிக்கு மூன்று நோயாளிகள் வேண்டும். சொந்த மருத்துவமனையில் கட்டில்கள் நிரம்பியிருக்கின்றனவா, பிரசவ வார்டுக்கு எங்கே அனுப்புகிறார்கள் என்று மூன்றாம், நான்காம் ஆண்டுப் பிள்ளைகளிடமே நேரில் கேளுங்கள்.