12க்கு 10 அடி அறைக்கு டவர் ஸ்பீக்கர் வாங்கலாமா?

இரண்டு லட்சம் ரூபாய் இருக்கிறது, அறை 12க்கு 10 அடி, டவர் ஸ்பீக்கர் (தரையில் நிற்கும் உயரமான ஸ்பீக்கர்) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பேன்.

உங்கள் அறையில் நீளவாக்கில் சுமார் 47 ஹெர்ட்ஸிலும், அகலவாக்கில் 56 ஹெர்ட்ஸிலும் ஒலியலை சுவர்களுக்கிடையே தேங்கி நிற்கும். பேஸ் கிட்டாரின் ‘ஏ’ தந்தி 55 ஹெர்ட்ஸ். அதை மீட்டும்போது மட்டும் அறை குமுறும், அடுத்தடுத்த சுரங்கள் மெலிந்து போகும். டவர் ஸ்பீக்கர் இந்தத் தாழ்ந்த ஒலிகளைத்தான் தாராளமாகக் கொட்டும். விலை கூடினாலும் சுவர் நகராது.

பிபிசி 1970களில் ஒலிபரப்பு வண்டி போன்ற நெருக்கடியான இடங்களுக்காக எல்எஸ்3/5ஏ என்ற குட்டி ஸ்பீக்கரை வடிவமைத்தது. ஆழ்ந்த பேஸ், அதாவது மிகத் தாழ்ந்த ஒலி, கிடையாது, ஆனால் மனிதக் குரல் அத்தனை இயல்பாக இருக்கும். இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள். அந்த வழியில் வந்த, அலமாரியில் வைக்குமளவு சிறிய, நல்ல புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரும் கனமான ஸ்டாண்டும் உங்களுக்குப் போதும்.

சென்சிடிவிட்டியை, அதாவது குறிப்பிட்ட மின்திறனுக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவை, அவசியம் பாருங்கள். 3 டெசிபல் குறைந்தால், அதே சத்தத்துக்கு ஆம்ப்ளிஃபயர் இருமடங்கு வாட் தர வேண்டும்.

கடையில் கேட்டு மட்டும் முடிவெடுக்காதீர்கள். இரண்டு நாள் வீட்டுக்குத் தருவார்களா என்று கேளுங்கள், பின்சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வைத்து, நீங்கள் மனப்பாடமாக அறிந்த பாட்டையே போடுங்கள்.