புகாட்டி டைப் 57: கேட்டதும் சொன்னதும்

டைப் 57 பிரெஞ்சுக் காரா, இத்தாலியக் காரா? ஆளுக்கொன்று சொல்கிறார்களே அண்ணா.

பிரெஞ்சுக் கார்தான். எத்தோரே புகாட்டி மிலானில் பிறந்தவர். 1909ல் அல்சாஸ் பகுதியின் மோல்ஸைமில் பட்டறை போட்டபோது அந்த ஊர் ஜெர்மனியிடம் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு பிரான்சுக்கு வந்தது. டைப் 57 வெளிவந்தது 1934ல். ஆனால் இதை வடிவமைத்தவர் எத்தோரே அல்ல, இருபத்தைந்து வயது மகன் ழான். இந்தக் காரில் எந்தப் பகுதியைத் தொட்டாலும் அப்பனுக்கும் பிள்ளைக்கும் நடந்த இழுபறி தெரியும்.

என்ன இழுபறி? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

முன் ஆக்சிலையே எடுத்துக்கொள்ளுங்கள். மாதிரி வண்டியில் முன்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும்படி ழான் அமைத்திருந்தார். அப்பா பார்த்தார், கழற்றச் சொல்லிவிட்டார். பழையபடி ஒரே தண்டு ஆக்சில் வந்தது. அதையும் சும்மா சொல்லக்கூடாது, அழகான வேலை. உள்ளே பொள்ளல், வெளியே பாலிஷ். மற்ற வண்டிகளில் பட்டை ஸ்பிரிங்கை ஆக்சிலின் மேலோ கீழோ வைத்து யூ போல்ட் போட்டு இறுக்குவார்கள். இவர்களோ ஆக்சிலிலேயே சதுரத் துளை விட்டு ஸ்பிரிங்கை அதற்குள் நுழைத்துவிட்டார்கள்.

பிரேக்கும் அப்படித்தான். ஊரெல்லாம் எண்ணெய் அழுத்தத்தில் பிடிக்கும் ஹைட்ராலிக் பிரேக்குக்கு மாறிக்கொண்டிருந்தபோது இவர்கள் கேபிளை விடவில்லை. 1936ல் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம் வந்தது. மனம் கசந்த எத்தோரே அதன்பின் பெரும்பாலும் பாரிஸிலேயே இருந்துவிட்டார். பொறுப்பு ழான் கைக்கு வந்தது. 1938ல் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தது. இரண்டையும் முடிச்சுப் போடுவது என் கணக்கு.

எஞ்சின் பற்றி? நான் மெக்கானிக், அதனால் கேட்கிறேன்.

வரிசையாக எட்டு சிலிண்டர். சிலிண்டர் விட்டம் (bore) 72 மி.மீ., பிஸ்டன் ஓடும் தூரம் (ஸ்ட்ரோக்) 100 மி.மீ., மொத்தம் 3,257 சி.சி. மேலே, வால்வுகளைத் திறக்க இரண்டு கேம்ஷாஃப்ட். அவற்றைச் சுழற்றச் செயின் கிடையாது, எஞ்சினின் பின்பக்கம் பல்சக்கர வரிசை. சுமார் 135 குதிரைத் திறன். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் சூப்பர்சார்ஜர் வைத்த 57சி வகை 160 தரும்.

உங்களுக்குத் தலைவலி தரும் விஷயம் ஒன்று உண்டு. சிலிண்டர்கள் உள்ள பிளாக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டும் ஒரே வார்ப்பு. இரண்டுக்கும் நடுவே வைக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்ற பேச்சே வராது. ஆனால் வால்வு உரைக்க வேண்டுமென்றால் பிளாக்கையே தூக்க வேண்டும்! இதை வாங்கியவர்கள் தாங்களே வால்வு உரைக்கப் போகிறவர்கள் இல்லை, அது வேறு.

கலிபியே, வான்தூ, ஸ்டெல்வியோ என்கிறார்களே, எல்லாம் ஒரே காரா?

எல்லாம் டைப் 57தான்; சேசிஸ் என்ற அடிச்சட்டம் ஒன்று, பாடி வேறு. கலிபியே நான்கு கதவு, வான்தூ இரண்டு கதவு, ஸ்டெல்வியோ மேற்கூரை மடக்கும் வண்டி. மூன்றும் மலைப் பெயர்கள். பஸ்ஸுக்கு நடப்பது போல, சேசிஸை மட்டும் வாங்கிப்போய் வேறு இடத்தில் பாடி கட்டிக்கொண்டவர்களும் உண்டு. கொல்மாரில் காங்லோஃப் பட்டறை இதற்குப் பேர்போனது.

டைப் 57 வகையில் வந்த அட்லாண்டிக் காரின் முதுகில் மீன் துடுப்பு மாதிரி ஒரு வரி ஓடுகிறதே, அழகுக்கா?

ஆரம்பத்தில் கட்டாயத்துக்கு. 1935 பாரிஸ் கண்காட்சிக்கு வைத்த ஏரோலித் என்ற மாதிரிக் காரின் பாடி, எலெக்ட்ரான் என்ற மக்னீசியக் கலப்பு உலோகம். வெல்டிங் வைத்தால் தீப்பிடிக்கும். அதனால் தகட்டு ஓரங்களை வெளியே மடித்து ரிவெட் அடித்தார்கள். அப்புறம் வந்த அட்லாண்டிக் அலுமினியம், தாராளமாக வெல்டு செய்யலாம். ஆனாலும் ழான் அந்த மடிப்பை விடவில்லை. மொத்தமே நான்கு வண்டிகள்தான். ழான் தனக்கு வைத்துக்கொண்ட கறுப்பு வண்டி போர்க்காலத்தில் காணாமல் போனது, இன்றுவரை கிடைக்கவில்லை.

டைப் 57 காரிலேயே 57எஸ் என்ற வகை ஏன் அவ்வளவு தாழ்வாக இருக்கிறது?

பின் ஆக்சில் சேசிஸ் சட்டத்துக்கு அடியில் போகாமல், சட்டத்தில் விட்ட துளை வழியாகப் போகிறது. சட்டம் இறங்கியதும் எஞ்சினுக்கு அடியில் ஆயில் தொட்டிக்கு இடமில்லை. எனவே ஆயிலைத் தனித் தொட்டியில் வைத்துப் பம்ப் செய்தார்கள்.

இவ்வளவு நல்ல கார் ஏன் தொடரவில்லை?

1939 ஆகஸ்ட் 11. அந்த ஆண்டு லு மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்ற அதே வண்டியை மோல்ஸைம் அருகே ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் ழான். சைக்கிளில் குறுக்கே வந்தவர் மேல் மோதாமல் இருக்கத் திருப்பினார், மரத்தில் மோதி இறந்தார். வயது முப்பது. அடுத்த மாதமே போர் தொடங்கிவிட்டது. அதுவரை செய்த டைப் 57 எல்லா வகையும் சேர்த்து சுமார் 700.

நேரில் எங்கே பார்க்கலாம் ஐயா?

பிரான்சில் மூல்ஹவுஸ் நகரத் தேசிய மோட்டார் அருங்காட்சியகம். புகாட்டிகள் மட்டும் நூறுக்கு மேல். எல்லோரும் பக்கவாட்டில் நின்று படம் எடுப்பார்கள். நீங்கள் முன்னால் போய்க் குனிந்து அந்த ஆக்சில் துளையைப் பாருங்கள்.